சங்கங்குப்பிக் கஷாயம்

காலையிலிருந்து குருநாதன் சங்கங்குப்பித் தழையை ஆய்ந்துகொண்டிருந்தான். மண்டபம் கடற்கரையில் வேலியோரம் மண்டிக் கிடக்கிற, ஆடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகிற செடி. முறைக்காய்ச்சலுக்கு அது கேட்கும் என்று ஊரில் சொல்வதைச் சோதித்துப் பார்க்க, சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்து கொட்டகை போட்டிருந்தார். செடியை அடையாளம் காட்டியவன் என்பதால் தழை ஆயவும் கஷாயம் காய்ச்சவும் குருநாதனுக்கு வேலை கிடைத்தது. மூன்று வருசமாக மழை பொய்த்த ஊரில் தினக்கூலி என்றால் லேசா?

அவன் மனைவி ராமலெட்சுமிக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றது. விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் கிருமியே இல்லை என்று டாக்டர் அவன் முதுகில் தட்டினார். அவள் நடுங்கிய நடுக்கம் பொறுக்காமல், பாம்பன் ரயில்வேயில் இருக்கும் மச்சினனிடம் மலேரியா மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்ததை அவன் சொல்லவில்லை. செடி கேட்கவில்லை என்றால் மறுநாளே கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள்.

ராமலெட்சுமிக்குக் கஷாயம் கேட்டதாக நம்பி அடுத்த வீட்டுப் பஞ்சம்மாள் தன் ஆறு வயது மகளைத் தூக்கிவந்தாள். நாலு நாள் கஷாயம் குடித்தும் பிள்ளைக்குக் கண் சொருகியது. குருநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சமிருந்த நாலு மாத்திரையை வேட்டியில் முடிந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

அவள் வாங்க மறுத்தாள்.

"வேற மருந்து தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருண்ணே. ஒங்க வீட்ல மதினிக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேக்கல தாயி. அவளுக்கும் இந்த மாத்திரையத்தான் குடுத்தேன்."

பஞ்சம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டாம், வேலை போய்விடும் என்று அதற்கும் அவளிடமே கெஞ்சினான். அவள் மாத்திரையைப் பொடித்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டது. டாக்டருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இரண்டாவது ஆளுக்கும் கேட்டுவிட்டது என்று எழுதிக்கொண்டு, காய்ச்சல்காரர்களை எல்லாம் கூட்டிவரும்படி ஊரில் தமுக்கு அடிக்கச் சொன்னார். பஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளதைச் சொல்லிவிட குருநாதன் மூன்று தடவை டாக்டர் முன்னால் போய் நின்றான், வாய் வரவில்லை. பாம்பனுக்கு ஓடினான். இனி மாத்திரைக்கு வழியில்லை என்று மச்சினன் கையை விரித்துவிட்டான்.

மறுநாள் கொட்டகை வாசலில் பதினோரு பெண்கள் பிள்ளைகளைச் சேலையால் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றவள் செம்பை நீட்டினாள்.

"எம்பிள்ளைக்கு ஒரு வாய் கூடவே ஊத்துங்கண்ணே."

குருநாதன் செம்பு நிறைய ஊற்றினான்.