கை நனையாத பிக்னிக்

நாகலெட்சுமி பிக்னிக் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளே சிரித்தன. கிழமையில் ஆறு நாள் தேயிலை மலையில் குந்தி ரொட்டி தின்கிறவள், ஏழாம் நாள் வேன் பிடித்துப் போய் வேறொரு புல்லில் குந்தித் தின்னப் போகிறாளாம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு விஷயம் தெரியும். அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். காதைப் பொத்திக்கொண்டா குடித்தனம் நடத்த முடியும்?

விஷயம் இதுதான். அவள் மகள் சர்மிளாவுக்கு இருபத்தெட்டு வயது, முன்பள்ளி ஆசிரியை. போன வருசம் இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வந்த இரு வீட்டாரும் வாசலோர இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள், கூரைத் தகரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்கள். சோறு சாப்பிடச் சொன்னதும், "இன்னொரு நாளைக்கு ஆகட்டுமே" என்று எழுந்துவிட்டார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் சோறு தின்று கை நனைப்பது நம் வழக்கம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

மூன்றாவது இடம் ராகலை. என் நாத்தனார் சொல்லி வந்தது. அதனால் எனக்கும் அதில் கொஞ்சம் பொறுப்பு உண்டு, யாரும் கேட்காவிட்டாலும். மாப்பிள்ளை மதுரன் நுவரெலியாவில் காப்புறுதிக் கம்பனியில் வேலை. அப்பா நல்லமுத்து மரக்கறித் தோட்டம் செய்கிறார். அம்மா மீனம்மாவைப் பற்றி நாத்தனார் சொன்னது ஒரே சொல்: "அளந்து பேசுவா."

"இந்தத் தடவ வீட்டுக்கு வேணாங்க்கா" என்றாள் நாகு. "காசல்ரீ டேம் தண்ணிப் பக்கமா வரச் சொல்லியிருக்கேன். இப்பதான் எல்லாரும் அப்பிடிச் சந்திக்கிறாங்களே. அங்க கட கண்ணி ஒண்ணும் கெடையாது. குளுருக்குப் பசிக்கும். நாம கொண்டு போறதத்தான் தின்னாகணும். தின்னுட்டா முடிஞ்சிச்சுல்ல?"

கெட்டிக்காரிதான். எனக்கே தோன்றாத யோசனை.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சர்மிளாவின் போனில் எவளோ ஒருத்தி பத்து நிமிடத்தில் பத்து விதமான பிக்னிக் சாப்பாடு செய்து காட்டுவதைப் பத்துத் தடவை பார்த்தாள். முட்டை சாண்ட்விச் என்பாள், இல்லை டின்மீன் ரோல்ஸ் என்பாள். கட்லட்டுக்குக் கிழங்கு அவிய வைத்துவிட்டு, கடலை ஊறப் போட்டாயா என்று மகளைத் திட்டுவாள்.

"மலைக்குக் கட்டிட்டுப் போறது எதுவுமே இதுல இருக்கக் கூடாது. ரொட்டி கூடாது, சம்பல் கூடாது, சோத்துப் பானையத் தூக்கிட்டுப் போறதும் கூடாது. டவுன்காரங்க மாதிரி இருக்கணும்."

"டவுன்காரங்க கடையில வாங்கித் திம்பாங்கம்மா" என்றாள் சர்மிளா.

"நீ வாய மூடு."

பொகவந்தலாவை பசாரில் ராசிக் நானாவின் கடைக்கு நானும் கூடப் போனேன். ஆறு சாண்ட்விச் பாணை அவள் எண்ணி எடுப்பதைப் பார்த்து நானா கேட்டார்: "என்ன தங்கச்சி, பேக்கரி தொடங்கப் போறீங்களா?"

"பிக்னிக் போறோம் நானா."

"மழ வரும்ண்டு ரேடியோவுல சொன்னாங்களே."

"அந்த ரேடியோவக் கொஞ்சம் மூடி வைங்க" என்றாள். நானா நிஜமாகவே எழுந்து போய் மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி ஓடியது. சாண்ட்விச்சின் நாலு ஓரத்தையும் வெட்டி எறிய வேண்டுமாம், அதுதான் அழகாம். வெட்டிய ஓரங்களை லயத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கையாக அள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே வைத்த பீட்ரூட் பாணில் ஊறி, பார்ப்பதற்குக் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் ஓர் உதவிதான். வேனில் ஓர் இடம் மிச்சமிருந்தது, ஏறிக்கொண்டேன்.

ராகலைக்காரர்கள் பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். மீனம்மா வெளிர்பச்சைச் சேலை, கையில் குடை. இறங்கியதும் சர்மிளாவை மேலிருந்து கீழ் வரை ஒரே பார்வை, அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. எனக்கே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாயை விரித்தால் காற்று தூக்கியது. நாலு மூலைக்கும் நாலு கல். காகிதத் தட்டுகள் பறந்தன, நாகுவின் வீட்டுக்காரர் அழகன் அவற்றின் பின்னால் ஓடினார். மதுரனும் ஓடினான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் குறித்துக்கொண்டேன். பிள்ளைகள் இருவரும் கொஞ்ச நேரம் தண்ணீரோரமாக நடந்து பேசினார்கள். சர்மிளா ஏதோ சொல்ல, அவன் குனிந்து சிரித்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

நாகு பெட்டிகளைத் திறந்தாள். என்ன சொல்ல, அவர்கள் தின்றார்கள்! நல்லமுத்து ஐந்து ரோல்ஸ். மதுரன் கட்லட்டை விடவே இல்லை. மீனம்மாவும் மறுக்காமல் முட்டை சாண்ட்விச் இரண்டு, கொஞ்சம் கடலை, பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ. தின்று முடித்து ஒரு டிசுக் காகிதத்தை எடுத்து விரல் நுனிகளை ஒற்றிக்கொண்டாள். நாகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஆனால் பேச்சு நகரவில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. கரட் விலை, லீக்ஸ் விலை, ஹட்டன் ரோட்டு வளைவுகள். மீனம்மா அடிக்கடி எங்கள் வேன் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாகு மறுபடி மறுபடி பெட்டியை நீட்டினாள். "இன்னொண்ணு எடுங்க." "போதுங்க." அப்புறம் அதே பேச்சு. மலைக்கு மேலே மேகம் இறங்கியது.

கோப்பை கழுவும் சாக்கில் நான் தண்ணீர்ப் பக்கம் போனேன். சவுக்கு மரத்துக்குப் பின்னால் மீனம்மா புருசனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நானாகப் போய் நிற்கவில்லை. கழுவ வேண்டிய கோப்பை ஏழு.

"எனக்குக் காலையிலயே புள்ளயப் புடிச்சிருச்சுங்க. இப்ப எறக்குவாங்க, இப்ப எறக்குவாங்கன்னு வேனயே பாத்துட்டு இருக்கேன். ஒரு வாய் சோத்தக் கண்ணுல காட்டல. கை கழுவக்கூட ஒரு செம்புத் தண்ணி குடுக்கல."

"மறந்திருப்பாங்க."

"சோத்த மறப்பாங்களா? கை நனச்சா பேச்சு முடிஞ்சிரும்னுதான் பாணக் குடுத்து அனுப்புறாங்க. அவங்களுக்கு நம்ம இஷ்டமில்ல. மரியாதயா கெளம்பிருவோம், வேன்காரனக் கூப்புடுங்க."

கோப்பையை விட்டுவிட்டு ஓடினேன். என் வாழ்நாளில் ஒரு பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்டபடியே கொண்டுபோய்ச் சேர்த்தது அன்றைக்குத்தான். கூட்டுவதற்கு நேரமில்லை.

நாகுவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சோறா? பிக்னிக்குக்கு யாருக்கா சோறு கட்டுவா?"

"நோர்வூட் டவுன்ல ஓட்டல்ல பார்சல் எடுப்போமா?" என்றார் அழகன்.

"கடச் சோத்துல கை நனச்சா கடக்காரன்தான் சம்பந்தி ஆவான்" என்றேன். "உங்க அடுப்புச் சோறு வேணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அந்தக் காம்பராவுக்கா?" நாகு கையில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "அதப் பாத்துட்டுத்தானேக்கா ரெண்டு பேரு போனாங்க. புடிச்சிருக்குன்னு சொன்ன வாயால வேணாம்னு சொல்லிட்டா? என் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அங்கே நல்லமுத்து வேன்காரனை நோக்கிக் கையை உயர்த்திவிட்டார். மீனம்மா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சர்மிளா எங்களைத் தாண்டிப் போனாள். நேராக மீனம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. அம்மா சோறாக்கித் தருவாங்க. டவுன்காரங்க மாதிரி இருக்கணும்னுதான் இன்னைக்குக் கட்டல. எங்க வீடு லயத்துக் காம்பரா. ஆறு பேரு உக்காரலாம், ஏழாவது ஆளு வெளியதான் நிக்கணும்."

ஏழாவது ஆள் யார் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதைக்கு அதையெல்லாம் மனதில் வைக்கவில்லை.

மீனம்மா மகனைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே வேன் கதவைத் திறந்துவிட்டிருந்தான்.

"எவ்வளவு தூரம்?"

"முக்கா மணித்தியாலம்."

"அப்ப சீக்கிரம் ஏறுங்க. மழ வருது."

 வரும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் நாகு சேலைத் தலைப்பை முறுக்கினாள், அவிழ்த்தாள். நாங்கள் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. லயத்தில் ஒரு வாசல் பாக்கியில்லாமல் தலைகள். நான் என் காம்பராவிலிருந்து காய்ந்த விறகும் நாலு கருவாட்டுத் துண்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்பு புகைந்தது. கூரையில் ஒரு மூலை ஒழுகியது. நாகு அதன் கீழே குண்டானை வைத்தாள். குண்டானில் சொட்டு விழுகிற சத்தம் கேட்காமல் இருக்க அழகன் உரக்க உரக்கப் பேசினார், எதைப் பற்றி என்று அவருக்கே தெரியாது.

மீனம்மா நாற்காலியில் உட்காரவில்லை. கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அடுப்படி வரைக்கும் போய் உலை கொதிக்கிறதா என்று பார்த்தாள். நாகு அகப்பையால் உலையை இன்னொரு தரம் கிளறினாள்.

அரிசி வேகிற வரைக்கும் லயத்தில் யாரும் தங்கள் காம்பராவுக்குள் போகவில்லை. நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முதுகில் சாரல்.

கடைசியில் சர்மிளா ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். மீனம்மா வெளியே வந்து, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, வலது கையை மணிக்கட்டு வரை கழுவினாள். உள்ளே போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோறு, பருப்பு, பொரித்த கருவாடு. பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். அழகன் பேச்சை நிறுத்திவிட்டார்.

"சம்பந்தியம்மா" என்றாள் மீனம்மா, "பருப்புக்கு உப்புப் போட மறந்துட்டீங்க."

நாகு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். உப்பு எடுக்க நான்தான் ஓடினேன்.