எதிர் மொட்டைமாடிக்காரர்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இருக்கிற சந்தோஷத்தில் தலை எது, வால் எது என்று தெரியாமல் போய்விடும்.

எங்கள் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய சூடான உருளை ஒன்று உண்டு. கை உள்ளே போய்விடாமல் காக்க அதற்கு ஒரு தடுப்புக் கம்பி. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும் மேற்பார்வையாளர் ஒருவர் அப்போது இருந்தார். பெயரே ‘விசில்’ ஆகிவிட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அந்தக் கம்பியைக் கயிற்றால் தூக்கிக் கட்டியவர் அவர்தான். உருளை என் இடக்கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். எனக்கு, கண்ணை மூடினால் அவர் முகம், திறந்தால் என் கை.

தங்கைதான் என்னை புத்த விகாரைக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த பிக்குணி என்னைவிட இளையவர். மைத்திரி தியானம் சொல்லித்தந்தார். ‘நலமாக இருக்கட்டும்’ என்று முதலில் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்து பிரியமானவருக்கு. அதற்கடுத்து, நமக்கு நல்லதும் செய்யாத கெட்டதும் செய்யாத யாரோ ஒருவருக்கு. கடைசியில்தான் பகையாளிக்கு. “படியைத் தாவாதீங்க, முட்டி பேந்துடும்” என்பார்.

நான் மூன்றாம் படியிலேயே குடியிருந்தேன். என் ‘யாரோ ஒருவர்’, எங்கள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் காலையில் துணி காயப்போடுபவர். தொப்பியும் ஒரு பக்கம் சாய்ந்த உடம்பும் தெரியும். முகம் தெரியாத தூரம். துணியை உதறி, ஓரம் இழுத்து, கிளிப் மாட்டும் பக்குவம் எனக்குப் பிடித்துப்போனது. தூறல் விழுந்தால் அவர் துணிக்காக நான் பதறுவேன்.

“அக்கா, பேசாம அவருக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்துடேன்” என்று தங்கை கிண்டலடிப்பாள்.

எப்போது என்று தெரியாமலே எனக்குத் தூக்கம் திரும்பியிருந்தது.

நேற்றுக் காலை முதலாளியம்மா கூப்பிட்டார். “விசில் வேலை கேட்டு வந்திருக்காரு. இப்ப உருளை உன் பொறுப்பு. நீ வேண்டாம்னா வேண்டாம். மதியத்துக்குள்ள சொல்லு.”

சன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். முதுகைக் காட்டி நின்றார். தொப்பி. ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு. கொடியிலிருந்து நழுவிக் கிடந்த துண்டை எடுத்து உதறி, ஓரம் இழுத்து, கிளிப் மாட்டினார். பிறகு திரும்பினார். விசிலேதான்.

என் மொட்டைமாடிக்காரர்.

பழைய கோபம் எட்டிப்பார்க்கத்தான் செய்தது. ஆனால் மழையில் துணியை அள்ளிக்கொண்டு ஓடும் மனிதர் அதற்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு விகாரைக்குப் பறந்தேன்.

பிக்குணி அடைத்துக்கொண்ட குழாயில் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அப்ப மூணாவது ஆளும் நாலாவது ஆளும் ஒருத்தரா?” சிரித்த சிரிப்பில் சேற்றுக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தெரியாமலே தாவிட்டீங்க. முட்டி எப்படி இருக்கு?”

“முட்டிக்கு ஒண்ணுமில்ல. கைதான் வலிக்குது.”

“வலிக்கட்டும். வலி வேற, பகை வேற.”

“வேலை குடுக்கட்டுமா?”

“அதை நான் சொன்னா என் கருணையாயிடும். எனக்கு இந்தக் குழாயே போதும், கிளம்புங்க.”

திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றார். என் கையைப் பார்க்கவில்லை.

“நீங்கதான் பொறுப்புன்னு தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா எந்த மூஞ்சியோட வருவேன்?”

“வந்தாச்சுல்ல. உள்ள வாங்க.”

உருளையின் முன் நிறுத்தி, இடக்கையைத் தடுப்புக் கம்பியின் மேல் வைத்தேன். “இதை யார் தூக்கிக் கட்டினாலும் மெஷின் நிக்கும். முதலாளியம்மா சொன்னாலும் சரி. நீங்க கட்டினா, வேலை அன்னிக்கோட முடிஞ்சுது.”

“சரிம்மா.” அப்போதுதான் என் கையைப் பார்த்தார்.

ஈர விரிப்பின் ஒரு முனையை அவரிடம் நீட்டினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு அடியில் உருளையின் வாய்வரை கொண்டுபோனேன். அவர் அசையவில்லை.

“என்ன, முனையை விடுங்க. பொழுது போகுதுல்ல.”

“இருங்கம்மா” என்றார். என் கை கம்பிக்கு இந்தப் பக்கம் முழுசாக வந்த பிறகுதான் தன் முனையை விட்டார்.