குழை வைத்த ஆள்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் என்னை விமானநிலையத்தில் பெட்டி தூக்குகிறவன் என்றுதான் தெரியும். அதற்கு முன் இலங்கையில், மன்னார்க் காட்டில் பதினொரு வருடம் காவலனாக இருந்தேன். அங்கே என்னோடு நடந்தவன் ஜீவரத்தினம். நான் லண்டனுக்கு வந்த பிறகும் அவன் காட்டை விடவில்லை.

காட்டுக்குள் கட்டியிருக்கும் கமராக்களின் படங்களை லீவு நாட்களில் வீட்டிலிருந்து பார்த்துக் கொடுப்பேன். சம்பளமில்லாத வேலை. விலங்கு, காவலர், வேட்டைக்காரர் என்று மூன்று பொத்தான். மூன்றாவதை அமர்த்தினால் ஜீவரத்தினத்தின் போன் அலறும். இரண்டாவதை அமர்த்தினால் படம் அழிந்துவிடும், காவலர் போகும் வழி வெளியே தெரியக்கூடாது என்பதற்காக.

“பெண்சாதியை விடச் சிறுத்தையைத்தான் கூடப் பாக்கிறியள்,” என்பாள் பெர்னடெற். உண்மைதான்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து திறந்தேன். முதுகு காட்டியபடி ஒருவன் பாலைமரத்துக் கவட்டில் இலையோடு குழை முறித்து வைத்துக்கொண்டிருந்தான். காட்டுக்குள் இறங்குமுன் காவல் கேட்டு அப்படி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேதக்காரரான நாங்களும் சிலுவை போட்டுவிட்டுக் குழை வைப்போம். களவுக்கு வருகிறவன் கும்பிட்டுவிட்டா வருவான்? நம்மாள்தான் என்று காவலர் பொத்தானை அமர்த்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

காட்டுக்குள் போகிற எவனுக்கும் உயிர்ப்பயம் உண்டு என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை, அந்த மரத்துக்குச் சற்று அப்பால், அந்த ஆள் மானுக்காகக் கட்டியிருந்த, கால் தட்டினால் தானே சுடும் கட்டுத்துவக்கின் கம்பியில் ஜீவரத்தினத்தின் கால் பட்டது. துவக்கு வெடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போனான்.

நான் யாருக்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த முதுகு என்னை விடவில்லை. கரடி வந்த படத்தில் கரடிக்குப் பின்னால் நின்றது. வெறும் புல் அசைந்த படத்திலும் நின்றது. பஸ்ஸில் முன் சீற்றில் இருந்தது. பயத்தில் கண்ட படத்துக்கெல்லாம் மூன்றாவது பொத்தானை அமர்த்தினேன்.

இந்த வேலையைக் கவனிக்கும் மலேசியப் பெண் வான்மதி எனக்குப் போன் எடுத்தாள்.

“அங்கிள், ரெண்டு வாரத்துல பதினாலு அலர்ட். போய்ப் பார்த்தா ஒண்ணுமே இல்ல. அங்க ஆளுங்களும் கொறைவு. கமராவப் பார்த்துக்கிட்ட கிருஷ்ணராசாவையும் நிறுத்திட்டாங்க.”

“அவனை ஏன்?”

“அந்த ஞாயித்துக்கெழம படம் ஒண்ணுமே இல்ல, கமரா வேலை செய்யலயாம். பேட்டரி மாத்தலன்னு சொல்றாங்க. அதனாலதான் ஜீவரத்தினம் செத்தாராம்.”

கிருஷ்ணராசாவுக்கு மூன்று பிள்ளைகள்.

“கமரா வேலை செய்தது, பிள்ளை. படம் வந்தது. நான்தான் காவலர் எண்டு அமர்த்தினனான்.”

“ஜீவரத்தினத்தோட மனைவி கேட்டா என்ன சொல்றது, அங்கிள்?” என்றாள்.

“யாக்கோப்பு எண்டு என்ர பேரைச் சொல்லுங்கோ.”

மறுநாள் மத்தியானம் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தது. ஜீவரத்தினத்தின் மனைவி மேரிசாந்தி. திட்டட்டும், சபிக்கட்டும் என்று காதில் வைத்தேன். அவள் திட்டவில்லை.

“துணைக்கு ஆள் இல்லாமல் போகாதேங்கோ எண்டு மறிச்சனான், அண்ணை. யாக்கோப்பு பாத்துக்கொண்டிருக்கிறான், எனக்கென்ன பயம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”