இரண்டு போக முப்பது

புது பேனல் வந்து இறங்கிய அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இருபத்திரண்டு வருடமாகக் கடலுக்கடியில் ஆள் இறக்கி வேலை வாங்குகிறவன் நான். டைவருக்குக் காற்று அனுப்பும் வால்வுகள், அவரோடு பேசும் மைக், அவர் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கேஜ் எல்லாம் ஒரே பலகையில் இருக்கும். அதுதான் பேனல். மிதவையின் மேல் ஒரு இரும்பு கன்டெய்னருக்குள் அதன் முன்னால் உட்கார்ந்தே என் பாதி முடி நரைத்தது. அதைக் கழற்றிவிட்டுத் திரை வைத்த புதுசை மாட்ட ஓர் இன்ஜினியர் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் நாளே அவளுக்கு 'டச் ஸ்க்ரீன்' என்று பெயர் வைத்துவிட்டேன். பெயர் வைக்க மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் பொறுமைசாலி. பழைய பேனலைக் கழற்றும் முன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், இதுல ஏதாவது கோளாறு உண்டா? நீங்க பழகி வச்சிருக்கற மாதிரி ஏதாவது?"

"கோளாறா? நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து ஓடுது இது. ஒண்ணும் கிடையாது."

இருந்தது. பழைய கேஜ் எப்போதும் இரண்டு மீட்டர் கூட்டிக் காட்டும். பழுது பார்க்க அனுப்பியும் அப்படியேதான் திரும்பி வந்தது. யாரோ அதன் கண்ணாடியில் 'இரண்டு கழி' என்று எழுதி டேப் ஒட்டினார்கள். டேப் உரிந்து விழுந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும், பழக்கம் மட்டும் உரியவில்லை. கேஜைப் பார்த்தால் வாய் தானாகக் கழித்துச் சொல்லும், கை தானாகக் கழித்து எழுதும். அதை ஒரு கோளாறாக நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

புது பேனல் தானே ஆழத்தைப் பதிந்து, தானே கணக்குப் போடும். என்ன கணக்கு என்றால், ஆழத்தில் வேலை செய்தவரை நேரே மேலே இழுத்துவிடக் கூடாது. வழியில் நிறுத்தி, உடம்பில் ஏறிய காற்று மெல்ல இறங்கக் காத்திருக்க வேண்டும். எத்தனை ஆழம், எத்தனை நேரம் என்று பார்த்து, எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதை அட்டவணை சொல்லும். குறைத்தால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். நான் மேனேஜரிடம் ஒற்றைக் காலில் நின்றேன். முதல் மாதம் என் நோட்டுப்படிதான் ஆளை ஏற்றுவேன், மிஷின் சும்மா ஓடட்டும் என்றேன். அவரும் சரி என்றார்.

நான்காவது நாள் இறங்கியவர் என் தங்கை புருஷன். பதினோரு வருடமாக என் கையில்தான் இறங்குகிறார். படகுத்துறைத் தூண் ஒன்றின் அடியில் விரிசல் பார்க்கும் வேலை. அடியைத் தொட்டதும் மைக்கில் கேட்டார்.

"ஆழம் சொல்லு மச்சான்."

"முப்பத்திரண்டு. ரெண்டு போக முப்பது, மாப்ள."

"முப்பது. சரி."

நோட்டில் முப்பது என்று எழுதினேன். நாற்பது நிமிடம் வேலை. ஏற்றும்போது திரையில் மஞ்சள் பட்டை ஒன்று வந்து, கூடுதல் நேரம் நிறுத்தச் சொல்லிக் கத்தியது. சனியன் என்று திட்டிவிட்டு அதன் வாயை அடைத்தேன். முப்பது மீட்டருக்கு உண்டான நேரம் மட்டும் நிறுத்தி மேலே எடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் பசிக்குது என்று சிரித்தார். இருபது நிமிடம் கழித்து, கால் மரத்துப்போகுது மச்சான் என்றார், பிறகு கைகளும் விழுந்தன. குமிழியைக் கரைக்கும் அழுத்த அறையில் போட்டோம், பிறகு ஆஸ்பத்திரி, அங்கேயும் அழுத்த அறை. கைகள் திரும்பி வந்தன. இடுப்புக்குக் கீழே எதுவும் வரவில்லை.

விசாரணை என்று உட்கார்ந்தார்கள். பேனலின் பதிவில் முப்பத்திரண்டு, என் நோட்டில் முப்பது. இத்தனை வருட அனுபவஸ்தன் எழுதியது பொய்யாகுமா, மிஷின்தான் தப்பு என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன், சத்தியமாக நம்பினேன். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் மிதவைக்கு வந்தாள். கையில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. அதன் நுனியில் பேனலிலிருந்து வரும் ஆழம் பார்க்கும் குழாயைக் கட்டி இறக்கினாள். இருபது முடிச்சு வரை எண்ணி இறக்கிவிட்டு, கன்டெய்னர் வாசலில் வந்து நின்றாள்.

"திரைல என்ன காட்டுது சார்? சத்தமா படிங்க."

"இருபது," என்றேன். "ரெண்டு போக பதினெட்டு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கையில் இன்னும் கயிறு இருந்தது.

"எதுக்கு சார் ரெண்டு போக?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "நான் கேட்டேனே சார்," என்றாள். "மொத நாளே கேட்டேனே." அப்புறம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை?

அன்று மதியமே மேனேஜரிடம் போய் எழுதிக் கொடுத்தேன். அவர் காகிதத்தைத் தொடவில்லை. "எல்லாம் பேனல் தலைல விழுந்தாச்சு. நீ ஏன்யா இப்ப வாயக் குடுக்கற?" என்றார். அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மேசையில் வைத்து வந்தேன். அது எளிதாகத்தான் இருந்தது. தங்கை வீட்டுப் படி ஏறுவதுதான் முடியவில்லை. தெருமுனையில் இரண்டு தடவை திரும்பினேன்.

கூடத்தில் கட்டில். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாண்ணே. அந்த மிஷின்காரிய இன்னும் உள்ள தள்ளலையா? அவ கை வெளங்குமா?"

"அவள ஒண்ணும் சொல்லாதம்மா. மிஷின் சரியாத்தான் காட்டிச்சு. நான்தான் தப்பா எழுதினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேஜ், டேப், மஞ்சள் பட்டை, ஒன்று விடாமல். அவள் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் கொறஞ்சுது?"

"பன்னெண்டு நிமிஷம்."

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள். "ஒரு பானை சோறு வடிக்கற நேரம் கூட இல்ல."

கட்டிலிலிருந்து மாப்பிள்ளை பேசினார். "அவன மட்டும் சொல்லாத. ரெண்டு போகன்னு அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. புது பேனலாச்சே, எதுக்குக் கழிக்கறான்னு ஒரு நொடி தோணுச்சு. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். வேறு எங்கே போய் முட்டிக்கொள்வது?

தங்கை எழுந்தாள். புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமாம், நேரம் தாண்டிவிட்டிருந்தது. நான் ஓடிப்போய்த் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன்.

"நீ தொடாத."

கையை எடுத்துக்கொண்டேன். அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் சின்ன உடம்புக்காரி, அவர் கடலில் வேலை செய்த ஆள். பாதி திரும்பினார், பழையபடி சரிந்தார். போர்வையைச் சுருட்டி முதுகுக்கு முட்டுக் கொடுத்துத் திரும்பவும் இழுத்தாள். அவருடைய ஒரு கால் கட்டிலைவிட்டு நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் காலைப் பார்த்தபடி நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பிடி."