கரடி அங்கேயே நிற்கும்

செத்தவன் எப்படி எழுந்து நடந்தான் என்பது தேவிப்ரியாவுக்குப் பிடிபடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொன்னுரங்கத்தின் ஆள் கல்வராயன் மலையில் கரடி அடித்துச் செத்துப்போனான். சனிக்கிழமை காலையில் அதே ஆள், அதே கம்பு, அதே கிழிந்த போர்வையோடு ஓடைக்கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் செல்போன் விளையாட்டுக்குள்தான். ஆனால் அந்த விளையாட்டுக்கு உயிர்நாடியாக இருந்ததே ஒரே ஒரு சட்டம்: ஒருவருக்கு ஒரே உயிர். போனால் போனதுதான். மறுபடி ஆட வேண்டுமென்றால் வேறொரு பெயரில், வெறுங்கையோடு, மலை உச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

'ஒத்தை உயிர்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் மலையில் வழி தவறிய ஒருவர், பசியையும் குளிரையும் கரடியையும் தாண்டிக் கீழே சமவெளிக்கு வந்து சேர வேண்டும். நடுவில் எங்காவது நெருப்பு மூட்டினால் அதுவரை ஆடியது பதிவாகும். செத்தால் அந்தப் பதிவு அழிந்துபோகும். சென்னை வேலையை விட்டுவிட்டு வடக்கனந்தல் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவள் இதைக் கட்டினாள். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேருக்குக் கொடுத்து ஆட வைத்துப் பார்த்தாள். அதில் ஒருவர்தான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருந்த பொன்னுரங்கம்.

தன் போனில் அவள் எத்தனையோ முறை செத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பதிவு ஒழுங்காக அழிந்தது. கடைசியில் கடைக்கே போய்விட்டாள்.

"ண்ணா, உண்மைய சொல்லுங்க. இன்னா பண்ணீங்க?"

"நா இன்னாம்மா பண்ணேன்? செத்தான். மறுநாள் பாத்தா குந்திக்கினு இருக்கான். உன் மலையில மூலிகை ஜாஸ்தியோ இன்னாவோ!"

"என் எதுர்ல ஒரு தபா சாவுங்க."

"நல்லா கேட்ட போ, கடை தொறந்ததும்" என்று சிரித்துக்கொண்டே அவர் ஆளைக் கரடியிடம் விட்டார். கரடி அடித்தது. திரை இருண்டது. மேலிருந்து பனி இறங்கத் தொடங்குவதற்குள் அவருடைய கட்டைவிரல் திரையைத் தள்ளி, திறந்திருந்த எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் மூடியது.

"இன்னாத்துக்குண்ணா மூடினீங்க?"

"செத்தவன இன்னாத்துக்கும்மா பாத்துக்கினு இருக்கணும்? கடுப்பாவுது."

தேவிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். சாவுக் காட்சியை அவளே வரைந்திருந்தாள். பனி இறங்கும், ஆள் மெல்ல மறைவான், மலை மட்டும் மிஞ்சும். அது முடிந்த பிறகுதான் பதிவை அழிக்கும்படி எழுதியிருந்தாள். தான் வரைந்த அழகை அவள் ஒருமுறைகூட பாதியில் விட்டுவிட்டு எழுந்ததில்லை. அதனால் அவள் போனில் எல்லோரும் முறையாகச் செத்தார்கள். பொன்னுரங்கம் பாதியிலேயே மூடியதால், அவர் ஆள் செத்த சேதி பதிவுக்குப் போய்ச் சேரவே இல்லை.

வீட்டுக்கு வந்து அந்த வரிசையை மாற்றினாள். இனி சாவு முதலில் பதிவாகும், காட்சி பிறகு வரும். அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

"அவ்ளோதான் இல்லீங்க" என்றார் பிரவீன்குமார். பொங்கலுக்கு இந்த விளையாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த சென்னைக் கம்பெனியின் ஆள் அவர். "கரடியப் பாத்ததும், அது அடிக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டா? பழைய நெருப்புகிட்ட போய் நிப்பான். கரடியே இருக்காது. இது ஒத்தை உயிரா, ஓட்டை உயிரா? நெருப்பு மூட்டாம வெளிய போனா செத்தான்னு வெச்சிடுங்க. எல்லா ஓட்டையும் அடைஞ்சிடும்."

அவர் சொன்ன குறை சரியானது. அதனால் தீர்வும் சரியாக இருக்கும் என்று நம்பி அப்படியே வைத்தாள். செத்தவர் எந்த இடத்தில், எதன் முன்னால் செத்தார் என்று கடைசியில் படம் காட்டுவதற்காக ஒவ்வோர் அடியையும் விளையாட்டு ஏற்கெனவே குறித்து வந்தது. இப்போது கூடுதலாக ஒரு முத்திரை. நெருப்பு மூட்டாமல் வெளியே போனவர் திரும்ப வந்தால், 'இறந்தார்' என்று விழும்.

அது 2020 டிசம்பர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவள் கள்ளக்குறிச்சியில் சென்னைப் பேருந்து ஏறினாள். உளுந்தூர்பேட்டைக்கு முன்பே வண்டி நின்றது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். கொடியோடு ஆட்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துக்கு நேர் முன்னால் கரும்பு ஏற்றிய லாரி. அதற்கும் முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள்.

"எப்ப தம்பி வுடுவீங்க?" என்று சன்னலோரத்துப் பெண்மணி ஒருவர் கேட்டார்.

"எங்களுக்குக் குடுத்தாங்கன்னா இப்பவே வுட்றோம்மா" என்றான் கொடி பிடித்திருந்தவன்.

"அப்ப நா இங்கயே வூடு கட்டிக்க வேண்டியதுதான்."

அப்போதுதான் இசைவாணி போன் செய்தாள். வடக்கனந்தலிலேயே கூலி வேலை செய்யும் பிச்சைமுத்துவின் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஆடியவர்களில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தீபாவளியிலிருந்து ஒரே ஆளைச் சாகாமல் வைத்திருந்தாள். அந்த ஆளுக்கு இருசம்மாள் என்று பெயர்.

"க்கா, இருசம்மாள கொன்னுட்ட."

"நா இன்னாடி பண்ணேன்?"

"கரடி எதுர்ல நிக்குது. நா இன்னும் ஒண்ணும் பண்ணல. அப்ப எங்கப்பா போன் பண்ணுச்சு. லோடு ஏத்தப் போன எடத்துல மறியல்ல மாட்டிக்கிச்சாம். அதோட போன்ல சார்ஜ் இல்லாம யார்கிட்டயோ வாங்கிப் பேசுது. எடுக்காம இருக்க முடியுமா? பேசிட்டு வந்து தொறந்தா 'இருசம்மாள் இறந்தார்'ன்னு போட்ருக்கு. யாருக்கா கொன்னது? கரடியா, எங்கப்பனா?"

தேவிப்ரியாவுக்கு என்ன நடந்தது என்று உடனே புரிந்தது. குறைந்த நினைவகம் உள்ள போன். அழைப்பு வந்ததும் இடம் பற்றாமல், போனே விளையாட்டை வெளியே தள்ளிவிட்டது. தள்ளியது போன், தண்டனை இருசம்மாளுக்கு.

"சரிடி, நா அந்த முத்திரைய எடுத்துட்றேன்."

"வேணாங்க்கா. எனக்கு நீ உசுருப் பிச்சை போடாத. நாளைக்கு இன்னொருத்திக்கும் போன் வரும், அவ உனுக்குத் தெரிஞ்சவளா இருக்க மாட்டா. சட்டத்த மாத்து."

தேவிப்ரியா பிரவீன்குமாரை அழைத்தாள். பாதி கேட்கும்போதே அவர் குறுக்கிட்டார். "தேவி, எல்லாரும் அப்பா போன் பண்ணாருன்னுதான் சொல்வாங்க. கண்டிப்பா இருந்தாதான் நியாயம்."

"என் விளையாட்டுல கொல்றதுக்கு மலை இருக்கு, மழை இருக்கு, கரடி இருக்கு. போன் கொல்லக் கூடாதுங்க."

"அப்ப ஓட்டைய என்ன பண்றது?"

"அடைக்கறேன். ஆனா இப்படி இல்ல. இத மாத்தாம நான் கையெழுத்து போட மாட்டேன்."

"பொங்கல் போயிடும்."

"போகட்டும்."

வைத்துவிட்டாள். வேலையும் இல்லை, இப்போது இதுவும் போனால் வீட்டில் என்ன சொல்வது? கரும்பு லாரியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். சன்னலோரத்துப் பெண்மணி ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். எட்டிப் பார்த்தார். சலித்துக்கொண்டார்.

"தூங்கி எழுந்தாலாவது போயிருக்கும்னு பாத்தேன். இந்தக் கரும்பு லாரி மூஞ்சி முன்னாலயே நிக்குது."

தேவிப்ரியா நிமிர்ந்தாள்.

இந்த அம்மா தூங்கினார். அதனால் பேருந்து கவிழ்ந்துவிடவில்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குத் திரும்பிப் போய்விடவும் இல்லை. லாரியும் மாயமாக மறையவில்லை. நின்ற வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, அதன் முன்னால் இருந்தது முன்னாலேயே இருக்கிறது. தூங்கியதால் அவருக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை.

பொன்னுரங்கம் மூடினால் லாபம். இசைவாணி மூடினால் நட்டம். இரண்டுமே தவறு. மூடுவதை வைத்து ஒருவரைத் திருடன் என்றோ யோக்கியன் என்றோ கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. மூடுவதால் எதுவுமே மாறாதபடி செய்துவிட்டால், திருடனுக்கு மூடிப் பயனில்லை, யோக்கியனுக்கு மூடப் பயமில்லை!

மடிக்கணினியைத் திறந்தாள். ஒவ்வோர் அடியும், எதிரில் இருப்பதும் ஏற்கெனவே குறிக்கப்படுகிறது. இனி பழைய நெருப்பிலிருந்து இல்லாமல் அந்தக் குறிப்பிலிருந்தே ஆட்டம் திரும்பத் தொடங்க வேண்டும், எதிரில் நிற்கும் கரடியோடும் அதன் கோபத்தோடும். அடுத்தது பகடை. ஆடுபவர் 'ஓடு' என்று தொட்டதும் விளையாட்டு உள்ளுக்குள் பகடை உருட்டித்தான் தப்பினாரா, மாட்டினாரா என்று முடிவு செய்கிறது. விழுந்த எண்ணைப் பதியாமல் விட்டால், மாட்டியவர் மூடித் திறந்து மறுபடி உருட்டுவார். ஆகவே தொட்டதும் முடிவைப் பதி, பிறகு காட்டு. நடுவில் மூடினாலும், திறக்கும்போது அதே முடிவுதான் காத்திருக்கும். எழுதும் நொடியிலேயே சார்ஜ் தீர்ந்து பதிவு அரைகுறையாக நின்றுவிட்டால்? அதற்கும் வழி இருந்தது. புதிய பதிவைத் தனி இடத்தில் எழுது. முழுதாக எழுதி முடித்த பிறகே பழையதை விடு. எந்த நொடியில் போன் அணைந்தாலும் ஒரு முழுப் பதிவு கையில் இருக்கும்.

வெயில் தாழ்வதற்குள் முடித்து பிரவீன்குமாருக்கு அனுப்பினாள். வெகுநேரம் கழித்து அவரே அழைத்தார்.

"மூடிப் பாத்தேன். கரடி நிக்குது."

"நிக்கும்."

"போன அணைச்சுப் போட்டேன். அப்பவும் நிக்குது. ஓடுன்னு சொல்லிட்டு அது அடிக்கறதுக்குள்ள மூடினேன். திறந்தா செத்துக் கிடக்கறேன்."

"நீங்க முன்னாடியே செத்துட்டீங்க. பாக்காமப் போனீங்க, அவ்ளோதான்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "பதிவையே காப்பி எடுத்து ஒளிச்சு வெச்சிக்கிட்டா?"

"அந்த அளவுக்கு மெனக்கெட்டு ஏமாத்தறவன் ஏமாத்திட்டுப் போகட்டும். அவனப் பிடிக்கறேன்னு, அப்பா போன எடுத்தவள நான் கொல்ல மாட்டேன்."

பிரவீன்குமார் இறங்கி வந்தார். "சரி, வாங்க. இப்படியே போடலாம்."

முன்னால் கரும்பு லாரி உறுமியது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின, நின்ற வரிசை மாறாமல்.

அதற்குள் தேவிப்ரியா அனுப்பிய புதிய வடிவத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு இசைவாணி அழைத்தாள். பழைய முத்திரை இப்போது யாருக்குமே செல்லாது, அடிக் குறிப்பும் அழியாமல் இருந்தது என்பதால் இருசம்மாள் எழுந்திருந்தாள், கரடிக்கு நேர் எதிரில்.

"க்கா, இது அதே கரடிதானே?"

"அதே கரடிதான். கோவம் கொஞ்சங்கூட கம்மியாவல. ஓடப் போறியா?"

"எங்கக்கா ஓடறது, பின்னால பள்ளம். கம்ப தூக்கிக்கினு எதுர்ல போறேன்."

பேருந்தின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. தேவிப்ரியா போனைக் காதில் அழுத்திப் பிடித்தாள்.

"செத்துட்டேன்" என்றாள் இசைவாணி.

"ஐயோ."

"இன்னாத்துக்கு ஐயோ? இந்தத் தபா நாந்தான் செத்தேன், என் புத்தியால. இது சரி. போன வையி, நா புது ஆள் ஆரம்பிக்கணும்."

உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் தேவிப்ரியா விளையாட்டின் முதல் பக்கத்தில் இருந்த 'நெருப்பு மூட்டாமல் வெளியே போனால் இறப்பீர்கள்' என்ற பழைய எச்சரிக்கையை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்:

"எப்போது வேண்டுமானாலும் மூடலாம். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும், அதன் விளைவும், உங்களுக்குக் காட்டப்படுவதற்கு முன்பே பதிவாகிவிடும். திறக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்பீர்கள், எதிரில் இருந்தது எதிரிலேயே இருக்கும். மூடியதற்காகச் சாக மாட்டீர்கள். மூடியதால் பிழைக்கவும் மாட்டீர்கள்."