பாய் கடை வெளிச்சம்

ஆவடி ஸ்டேஷன் சந்தையில் கண்ணைக் கட்டி விட்டாலும் மூக்கை வைத்தே வழி கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். கருவாட்டு வாடை முடிந்தால் கடலை அவிக்கும் வேம்புலியம்மாள், அவளைத் தாண்டினால் உஸ்மான் கனி பாயின் ஈரல் வறுவல். பாழாய்ப்போன திமிர்.

எல்லம்மாவைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ரயிலே ஓடாத ஊர்க்காரி. சனிக்கிழமைதோறும் நான் மண் வேலை முடிந்து நேரே சந்தைக்கு வருவேன். அவள் வீட்டிலிருந்து வருவாள். பாய் தன் அரிக்கேன் விளக்குக்குப் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். அதைக் காட்டிச் சொல்லி வைத்திருந்தேன்.

"தோ பாரு, யார் இன்னா சொன்னாலும் அந்தப் பச்சை வெளக்காண்டதான் நிக்கணும். நான் வந்துடுவேன்."

"கூட்டத்துல தெரியாதே?"

"பச்சையா எரியறது அது ஒண்ணுதான். அத்தப் பாத்துகினே வா."

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியாகிக்கொண்டிருந்த சித்திரை மாதம் அது. சனிக்கிழமை மதியம் வேலை நடக்கும் இடத்தில் தண்டோரா போட்டார்கள்: இன்று முதல் பொழுது சாய்ந்தால் கடைகளில் விளக்கு எரியக் கூடாது. காதில் வாங்கிக்கொண்டேன். எல்லம்மா நினைவுக்கு வரவில்லை. மூக்கு இருக்கிறவனுக்கு விளக்கு எதற்கு!

இருட்டில் ஜனங்கள் இடித்துக்கொண்டு திரிந்தார்கள். நான் நேராகப் பாய் கடைக்குப் போய் நின்றேன்.

"இன்னா ஜம்பு, ஊட்ல வர்லியா?"

"வந்துகினு இருப்பா பாய். நீ ஈரல் குடு."

தின்றேன். அவளுக்கும் ஒரு இலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் அவள் வேம்புலியம்மாளிடம் பச்சை விளக்கைக் கேட்டிருக்கிறாள்.

"அத்த அணைச்சுட்டாங்கம்மான்னு சொன்னேன் நைனா," என்று பிறகு அழுதாள் கிழவி. "தோ எரியுதேன்னுட்டுப் போயிட்டா."

எரிந்தது உண்மைதான். சந்தைக்குப் பின்னால், தண்டவாளத்தின் ஓரம், ரயிலுக்கு வழிவிடும் கைகாட்டி இறங்கிப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அப்படி எரிந்தால் வண்டி வருகிறது என்று ஆவடியில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லம்மாவுக்கு யார் சொல்வது? எந்தக் கடையில் ஈரல் ருசி என்று மட்டும் சொன்னேனே, பாவி.

வண்டி விடாமல் ஊதியது. நான் ஓடியபோது கையிலிருந்த இலை இன்னும் சூடாக இருந்தது.

தண்டவாளத்திலிருந்து விலகு, விலகு என்று பத்துப் பேர் கத்தியிருக்கிறார்கள். அவள் நகரவில்லையாம். யார் என்ன சொன்னாலும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.