கீழே ஒரு வரி

உளிக்காரர் வெட்டும்போது கல்லைப் பார்ப்பதில்லை. இடது கை விரல் பழைய எழுத்தின் பள்ளத்தைத் தடவிக்கொண்டு முன்னே போகும், உளி அதன் பின்னாலேயே போகும். போரில் செத்துப்போன வெளிநாட்டுச் சிப்பாய்களின் கல்லறைகள் அவை. மழையில் மங்கிய பெயர்களை மறுபடி ஆழமாக்குவது அவர் வேலை. எட்டு மாதமாகக் கண்ணில் வெள்ளைத் திரை விழுந்திருப்பது, அங்கேயே புல் வெட்டும் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் வேலை போகும். கூடவே இருவரும் குடியிருக்கும் வாசலோரத்து ஒற்றை அறையும் போகும்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஒரு புதுக்கல்லும், அதே அளவில் எழுத்து வரைந்து தலைமை ஆபீஸ் அனுப்பிய தாளுமாக வந்தார்.

“பேர் தெரியாம கிடந்தாரே ஒருத்தர், யாருன்னு தெரிஞ்சுபோச்சு. பத்தொன்பது வயசாம். தபால் பை தூக்கிட்டுப் போனப்ப குண்டு பட்டிருக்கு. வியாழக்கிழமை அவரு தங்கச்சி வர்றாங்க. தொண்ணூறு வயசு.”

“வெட்டிடறேன் சார். அந்தப் பத்து நாள் லீவு கேட்டிருந்தேனே...” கண் ஆபரேஷனுக்கு என்று சொல்லவில்லை.

“எண்பது வருஷமா மண்ணுக்குள்ள இருக்கறவரே பேசாம இருக்காரு. உனக்கென்னப்பா?”

புதுக்கல் வழவழவென்று இருந்தது. விரலுக்குப் பிடிமானமே இல்லை.

“தாளைக் கல்லு மேல ஒட்டிடுங்க,” என்றாள் மனைவி. “நான் கோட்டு மேலயே ஆணியால கீறிடறேன். நீங்க தடவிப் பாத்து வெட்டுங்க.”

“ஒரு கோடு விடக்கூடாது.”

“உங்க சட்டைக்குப் பொத்தான் போட்டு விடறதே நானு. எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு!”

அந்த ஆங்கில எழுத்து இருவருக்கும் படிக்கத் தெரியாது. அவருக்கு வெட்டத் தெரியும், அவ்வளவுதான். அவள் மண்டியிட்டுக் கீறிக்கொண்டே வந்தாள்.

“ஏங்க, கீழ இன்னொரு வரி இருக்கு. பேனாவுல, சாய்ச்சு எழுதியிருக்கு.”

“வீட்டுக்காரங்க சொல்ற வரியா இருக்கும். எல்லாக் கல்லுலயும் இருக்குமே. அந்தம்மா கைப்பட எழுதிக் குடுத்திருப்பாங்க. அப்படியே கீறு.”

தங்கை எழுதியது என்பதால் அந்த வரிக்கு மட்டும் முழுசாக ஒரு நாள் எடுத்துக்கொண்டார். ஒரு சுழி பிசகவில்லை.

வியாழன் காலை சூப்பர்வைசர் கல்லைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“‘வியாழக்கிழமைக்குள் முடிக்கவும்.’ அடப்பாவி! ஆபீஸ்காரன் எனக்கு எழுதினதய்யா இது. மையால எழுதினதுகூடவா உனக்குத் தெரியல?”

உளிக்காரர் குரல் வந்த பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளித் திரும்பிவிட்டார். சூப்பர்வைசர் அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சத்தம் போடவில்லை.

“மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணிடு.”

வாசலில் கார் வந்து நின்றது. தங்கை வைப்பதற்காக வாங்கி வைத்திருந்த மலர்வளையத்தை சூப்பர்வைசர் தூக்கி அந்த வரியின் மேல் சாய்த்தார். அது சரிந்தது.

“ஏம்மா,” என்று உளிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டார். “கல்லுக்குப் பின்னால உக்காந்து புடிச்சுக்க. தலை தெரியக்கூடாது.”

கிழவி வந்து அண்ணன் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவினாள். அழுதாள். எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னதாக, உடன் வந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார். படம் எடுத்தார்கள்.

கல்லுக்குப் பின்னால் ஈரமண்ணில் குந்தியிருந்த மனைவி, இரண்டு பக்கமும் கையை நீட்டி, வளையம் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.